மேய்ச்சல் நிலத்தைக் காடாக மீட்பது: கன்று நடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தும்பிவனம்:

பல தலைமுறையாக ஆடு மாடு மேய்ந்த நிலம். இப்போது மேய்ச்சல் நின்றுவிட்டது. அருகிவரும் உயிர்களுக்காக அதைக் காடாக்கலாம் என்று யார் கிளம்பினாலும் முதல் வேலையாக வேலி போடுகிறார்கள், அடுத்து கன்று நடுகிறார்கள். எத்தனை ஆயிரம் கன்று என்பது செய்தியாகிறது. எந்த விலங்கு வரவேண்டும், அது ராத்திரி எங்கே தூங்கும், வறண்ட மாதங்களில் எதைத் தின்னும் என்ற கேள்விகள் கடைசியில்தான் வருகின்றன, சில இடங்களில் வருவதே இல்லை. விலங்கிலிருந்து தொடங்கித்தான் மரத்துக்கு வரவேண்டும் என்பது என் கட்சி.

பிரேசிலின் பொன்னிறச் சிங்கத் தாமரின் குரங்கைப் பாருங்கள். ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழும் சிறு குரங்கு. எடை அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்தக் காடுகளின் பெரும்பகுதி மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் சுமார் 200 குரங்குகளே மிஞ்சின. உயிர்க்காட்சிச் சாலைகளில் பிறந்தவற்றை 1984 முதல் காட்டில் விட்டார்கள். ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. காட்டுத் துண்டுக்கும் காட்டுத் துண்டுக்கும் நடுவே புல்வெளி கிடந்தது. கிளைவிட்டுக் கிளை தாவும் இந்தக் குரங்கு திறந்தவெளியில் இறங்கத் தயங்கும். ஒரே துண்டுக்குள் அடைபட்ட குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்தால் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்துபோகும்.

ஆகவே அங்கே வேலை செய்பவர்கள் கண்ணில் பட்ட மேய்ச்சல் நிலத்தில் எல்லாம் நட்டுக்கொண்டிருக்கவில்லை. எந்தத் துண்டை எதோடு இணைத்தால் குரங்கு கடக்கும் என்று பார்த்து, நடுவில் இருந்த புல்லில் மரத்தடங்களை வளர்த்தார்கள். பிஆர்-101 நெடுஞ்சாலை குறுக்கே வந்த இடத்தில், மேலே மண் போட்டு மரம் நட்ட பாலமே 2020இல் கட்டி முடிக்கப்பட்டது. 2014இல் 3,700 அளவில் இருந்த எண்ணிக்கை மஞ்சள் காய்ச்சலால் 2018இல் 2,500 ஆகச் சரிந்தது. காட்டில் வாழும் குரங்குகளுக்கே தடுப்பூசி போட்டார்கள். 2023 கணக்கெடுப்பில் சுமார் 4,800.

இந்தக் கதையில் கன்று எண்ணிக்கைக்கு இடமே இல்லை. குரங்கு கடந்ததா என்பதுதான் கேள்வி. மண், விதை, கால்நடை பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

செம்மண்:

கட்சி சரிதான், தும்பி. ஆனால் விலங்குக்கு முன்னால் மண் நிற்கிறது. "மேய்ச்சலை நிறுத்தினால் போதும், காடு தானே வந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். பக்கத்தில் காடு இருந்து, மண்ணும் கெடாமல் இருந்தால் வரும். இல்லாவிட்டால் பல பத்தாண்டுகள் புல்லாகவே கிடக்கும்.

ஏன் என்று பார்ப்போம். மாடு மேய நட்ட வெளிநாட்டுப் புல்லை ஓர் இடத்தில் மண்வெட்டியால் புரட்டிப் பாருங்கள். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு வேர் பாய் முடைந்த மாதிரி இருக்கும். அதற்குக் கீழே குளம்பு மிதித்து இறுகிப்போன மண், தண்ணீர் விட்டால் மேலேயே தேங்கி நிற்கும். அந்தப் பாயின்மேல் விழுந்த மர விதைக்கு மண்ணே எட்டாது. தப்பி முளைத்தாலும் புல் அதன் வெளிச்சத்தையும் ஈரத்தையும் எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, அந்த விதை அங்கே வந்து சேர்வதே அபூர்வம். பழந்தின்னிப் பறவைகளில் பெரும்பாலானவை மறைவில்லாத வெட்டவெளியைத் தவிர்ப்பவை. காட்டின் ஓரத்திலிருந்து சில மீட்டர் தள்ளிப் போனாலே விதை விழுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அப்புறம் தீ. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்தே பகுதி இதற்கு நல்ல பாடம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து பரப்பிய ஜராகுவா புல் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து காயும், ஆண்டுதோறும் எரியும். ஒவ்வொரு தீயும் மிச்சமிருந்த வறண்ட காட்டை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே போனது. 1980களின் நடுவில் சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் இருவரும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து தொடங்கிய மீட்பில் முதல் வேலை தீயை நிறுத்துவது. மரம் நடுவது அங்கே ஒரு சின்ன பங்குதான். தீ நின்றதும் காற்றில் பறக்கும் விதைகள் முதலில் வந்தன. மரம் கொஞ்சம் எழும்பியதும் பறவையும் விலங்கும் மற்றவற்றைக் கொண்டுவந்தன. ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணைகளாக இருந்த அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று இளங்காடு. 1999இல் உலக மரபுச் சின்னமும் ஆகிவிட்டது.

---

புல்வெளிக்காரி:

இரண்டு பேரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த நிலம் எப்போதாவது காடாக இருந்ததா?

மேய்ச்சல் நிலம் எல்லாமே அழிந்த காடு என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பெரிய சேதம் செய்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்வெளியாகவே இருந்த நிலங்கள் உண்டு. அவற்றுக்கென்று தனிப் பூக்கள், தனிப் பறவைகள், தனி விலங்குகள் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளை "வெற்று நிலம்" என்று நினைத்துச் சீகை என்னும் வாட்டில் மரமும் தைலமரமும் பைனும் நட்டார்கள். வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் வாழும் இடம் அது. இன்று அந்த மரங்களை, முக்கியமாகச் சீகையை, அகற்றுவதே பெரும் போராட்டமாக இருக்கிறது. கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை இருக்கும் சமவெளியில் மரம் நட்டால் கானமயிலை விரட்டுகிறோம் என்றே பொருள்.

நட்ட மரத்தைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. அதனால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு குழிகூட வெட்டக்கூடாது என்கிறேன்.

---

தும்பிவனம்:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொன்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

---

புல்வெளிக்காரி:

பல வழி உண்டு. மிகத் தெளிவாகப் பேசுவது மண்ணில் அழியாமல் தங்கிய பழைய மகரந்தம். ஸ்காட்லாந்தின் தெற்கே மோஃபட் மலைகளில் கேரிஃப்ரான் என்று ஒரு பள்ளத்தாக்கு. நூற்றாண்டுக் கணக்கில் செம்மறிகள் மேய்ந்து மொட்டையான இடம். அதற்கு மேலே உள்ள சதுப்பில் 1990இல் ஒரு பழைய வில் கிடைத்தது. யூ மரத்தில் செய்தது, வயது சுமார் 6,000 ஆண்டு. அதே சதுப்பின் கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து மகரந்தத்தைப் பார்த்ததில், எந்தக் காலத்தில் என்னென்ன மரம் நின்றது என்ற வரிசை தெரிந்தது. எதை நடுவது என்ற பட்டியலுக்கு அதுதான் அடிப்படை. தன்னார்வலர்கள் பணம் திரட்டி சுமார் 650 ஹெக்டேர் நிலத்தை வாங்கி, 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் நடவைத் தொடங்கினார்கள். இதுவரை 5 லட்சத்துக்கு மேல் நட்டிருக்கிறார்கள். மேட்டுப் புல்வெளிப் பறவைகள் இருந்த இடத்துக்கு இப்போது காட்டுப் பறவைகள் வந்திருக்கின்றன.

சதுப்பு இல்லாத இடத்தில் பழைய நில அளவைக் குறிப்புகள், வரைபடங்கள், வான்படங்கள் உதவும். வயலில் தனியாக நிற்கும் முதிய மரம், ஓடைச் சரிவில் மேய்ச்சலுக்கு எட்டாமல் தப்பிய புதர், தரையோரம் பூக்கும் நிழல் செடிகள் ஆகியவையும் சாட்சிதான். நிழல் செடி ஒன்றுகூட இல்லாமல், வெயிலில் மட்டும் வளரும் பலவகைப் புல்லும் கிழங்குச் செடிகளும் செறிந்திருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பழம்புல்வெளி.

---

மேய்ப்பன்:

இந்த இழையில் கால்நடை என்றாலே குற்றவாளி மாதிரி வருகிறது. எங்கள் குடும்பம் தலைமுறையாக மாடு வளர்ப்பது, அதனால் எழுதுகிறேன்.

செம்மண் சொன்ன குவானகாஸ்தேயிலேயே தொடக்க ஆண்டுகளில் மாடுகளை முழுவதுமாக வெளியேற்றவில்லை. தீக்குத் தீனி அந்த உயரமான புல். அதைக் கட்டுக்குள் வைக்க மாடு மேயவிட்டார்கள், மரம் தலைதூக்கிய பிறகே எடுத்தார்கள். ஒரே நாளில் மாட்டை ஓட்டிவிட்டு வேலியைப் பூட்டினால் அடுத்த கோடையில் புல் இடுப்பளவு காய்ந்து நிற்கும், ஒரு பொறி போதும். விதை பரப்புவதிலும் மாட்டுக்குப் பங்கு உண்டு. காய் நெற்றுகளைத் தின்றுவிட்டுச் சாணத்தோடு விதையைப் போடும்.

இங்கிலாந்தின் நெப் பண்ணையில் 2001 முதல் 1,400 ஹெக்டேர் அளவு நிலத்தில் பழைய இன மாடுகள், குதிரைகள், பன்றிகள், மான்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முள்புதர் வளர்கிறது, புதருக்குள் ஓக் கன்று கடிபடாமல் எழும்புகிறது, பன்றி கிளறிய மண்ணில் புது விதை முளைக்கிறது. நாடு முழுக்கக் குறைந்துகொண்டே வந்த டர்ட்டில் டவ் என்ற புறாவும் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையும் அங்கே கூடின.

---

செம்மண்:

மேய்ப்பன் சொல்லும் இரண்டும் உண்மை. ஆனால் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெப்பில் ஏக்கருக்கு எத்தனை கால்நடை என்பதைக் குறைவாக வைத்துக் கவனமாகப் பார்க்கிறார்கள், சுற்றிலும் விதை தரும் வேலி மரங்கள் இருந்தன. கேரிஃப்ரானில் செம்மறியையும் காட்டாட்டையும் வெளியேற்றாமல் ஒரு கன்றுகூடத் தேறியிருக்காது. ஆட்டுக்குத் துளிர்தான் முதல் தீனி. இளம் நடவில் ஓர் இரவு ஆடு புகுந்தால் இரண்டு ஆண்டு உழைப்பு போச்சு.

எந்த இனம், எத்தனை, எந்த மாதம், எத்தனை ஆண்டு. இந்த நாலையும் சொல்லாமல் "மேய்ச்சல் நல்லது", "மேய்ச்சல் கெட்டது" என்று பேசுவதில் பயனில்லை.

---

மேய்ப்பன்:

சரி, இது நியாயம். ஆனால் நிலத்தை இழப்பவர் யார் என்பதையும் பேச வேண்டும். அங்கே மேய்த்தவரிடம் கேட்காமல் வேலி போட்டால் அந்த வேலி நிற்காது. எந்த மூலையில் ஊற்று கசியும், எந்தச் சரிவில் தீ ஏறும், எந்தப் பறவை எப்போது வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

---

பொந்து தேடி:

நான் பேசவேண்டியது மரத்தின் வயதைப் பற்றி. யாரும் தொடவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் செம்மறிக்கும் கோதுமைக்குமாக அழிக்கப்பட்ட யூகலிப்டஸ் திறந்தவெளிக் காடுகள் உண்டு. 2006இலேயே "மிக ஆபத்தான நிலையில் உள்ள உயிரினச் சமூகம்" என்று சட்டப்படி பட்டியலிடப்பட்டவை. அங்கே பொந்தில் வாழும் கிளிகள், ஆந்தைகள், வௌவால்கள், பறக்கும் போசம்கள் (மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும் சிறு விலங்குகள்) ஏராளம். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. கிளை முறிந்து, காளான் பிடித்து, கரையான் அரித்து, தீ சுட்டு, தானாகத்தான் பொந்து உண்டாக வேண்டும். அதற்கு மரம் 100 வயதையாவது தாண்ட வேண்டும். பெரிய ஆந்தைக்கான பொந்து என்றால் இன்னும் பல பத்தாண்டுகள். இன்று நட்ட கன்றில் கிளி குஞ்சு பொரிப்பதை நட்டவர் பேரப்பிள்ளைகள்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அதனால் மேய்ச்சல் நிலத்தில் தனியாக நிற்கும் கிழட்டு மரம்தான் அங்கே இருக்கும் சொத்திலேயே பெரியது. பட்டுப்போனதாக இருந்தாலும் வெட்டக்கூடாது. விழுந்த கட்டையை விறகுக்கு எடுக்கக்கூடாது. சில தரைப்பறவைகளும் பல்லிகளும் அந்தக் கட்டையை நம்பியே இருக்கின்றன. இடைக்காலத்துக்குக் கூடுகட்டும் பெட்டி வைக்கிறார்கள், சில இடங்களில் உயிருள்ள மரத்திலேயே ரம்பத்தால் பொந்து குடைகிறார்கள். மெல்லிய பலகைப் பெட்டி வெயிலில் கொதிக்கும், மரத்துக்குள் குடைந்த பொந்து அவ்வளவு சூடாகாது. இது சின்ன விஷயம் இல்லை. குஞ்சு பிழைப்பதும் சாவதும் அந்தச் சில டிகிரியில் இருக்கிறது.

இன்னொன்று. அதே காடுகளின் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற தேனுண்ணும் பறவை இன்று சில நூறுதான் மிச்சம். எண்ணிக்கை குறைந்து, இளம் ஆண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர மூத்த பறவை இல்லாமல், சில வேறு பறவைகளின் பாட்டைப் பாடுகின்றன என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. இதற்காகவும் மரம் நடுகிறார்கள். ஆனால் எப்படி நடுகிறோம் என்பதைப் பொறுத்து அது எதிராகவே திரும்பலாம். நாய்ஸி மைனர் என்று ஒரு முரட்டுப் பறவை இருக்கிறது, அதுவும் அந்த நாட்டுப் பறவைதான். புதரே இல்லாமல் மரம் மட்டும் இடைவெளிவிட்டு நிற்கும் ஒடுக்கமான தோப்பு அதற்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டமாகக் குடியேறி மற்றச் சிறு பறவைகளை எல்லாம் அடித்து விரட்டிவிடும். சாலையோரம் போல ஒற்றை வரிசையில் நட்டால் அந்த முரடனுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். அகலமாக, கீழே அடர்ந்த புதரோடு வளர்த்தால்தான் சிறு பறவைகளுக்கு ஒதுங்க இடம் இருக்கும்.

---

தும்பிவனம்:

பொந்து தேடி, இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன். நன்றி. தோப்பும் காடும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

---

நாற்றங்கால்:

நடவு பக்கம் நான் சொல்கிறேன். நிலம் முழுக்க நெருக்கி நடத் தேவையில்லை. கோஸ்டாரிகாவின் தெற்கில் கேரன் ஹோல், ராகன் ஸஹாவி என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 2004 முதல் பழைய மேய்ச்சல் நிலங்களில் மூன்று முறைகளை அருகருகே செய்து பார்த்தார்கள். ஒன்றில் எதையும் நடாமல் விட்டார்கள், ஒன்றில் முழுக்க நட்டார்கள், ஒன்றில் தீவு தீவாக நட்டார்கள். தீவு முறைக்கு முழு நடவில் நான்கில் ஒரு பங்கு கன்றுதான் தேவைப்பட்டது. ஆண்டுகள் போகப்போக அந்தத் தீவுகளில் பறவை வந்து உட்கார்ந்து, விதை போட்டு, தீவுகள் விரிந்து ஒன்றை ஒன்று தொட்டன. தானாக முளைத்த மரவகைகளில் முழு நடவுக்கு ஏறக்குறைய ஈடாக வந்தது. ஆனால் தீவு ரொம்பச் சிறிதாக இருந்தால் பறவை மதிக்காது.

கன்று நட்ட பிறகுதான் உண்மையான வேலை. தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது புல்லை அகற்றி, இலைதழையால் மூடாக்குப் போடவேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டு களை எடுப்பதற்குப் பணம் ஒதுக்காத திட்டம் எதுவானாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். விதையை ஒரே தாய்மரத்தில் எடுக்காமல், சுற்றுவட்டாரத்தின் பல மரங்களில் எடுக்கவேண்டும். இளங்கன்றுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை மரம் தேறியதும் கழற்றுங்கள். கழற்ற ஆள் இல்லையென்றால் உறையே போடாதீர்கள். வெயிலில் நொறுங்கி மண்ணோடு கலந்துகிடக்கும்.

---

செம்மண்:

மண்ணைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. மேய்ச்சலை வளமாக்க ஆண்டாண்டாக சூப்பர் பாஸ்பேட் உரம் போட்ட நிலம் என்றால், அந்த மணிச்சத்து பல பத்தாண்டுக்கு மண்ணிலேயே நிற்கும். வளம் கூடியது நல்லதுதானே என்று தோன்றும். ஏழை மண்ணுக்குப் பழகிய நாட்டுச் செடிகளுக்கு அது பகை, களைக்குக் கொண்டாட்டம். ஆஸ்திரேலியாவில் சில மீட்பு நிலங்களில் மேல்மண்ணைச் சில அங்குலம் வழித்தெடுத்துவிட்டுத்தான் நாட்டுப் புல்லையும் பூச்செடிகளையும் விதைக்கிறார்கள். தழைச்சத்து கூடிப்போன இடத்தில் சர்க்கரை தூவியும் பார்த்திருக்கிறார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று பெருகும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், களை பட்டினி கிடக்கும், அந்த இடைவெளியில் நாட்டுப் புல் வேர் பிடிக்கும்.

நேர்மாறான இடமும் உண்டு. குவானகாஸ்தேயில் மண் கெட்டு, மரம் வளராமல் கிடந்த 3 ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தில், 1990களில் பழச்சாறு ஆலையின் 12,000 டன் ஆரஞ்சுத் தோலைக் கொட்டினார்கள். பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். சுமார் 16 ஆண்டு கழித்து அளந்தபோது, பக்கத்துத் தரையைவிட, தரைக்கு மேலே நிற்கும் மரங்களின் மொத்த எடை 176 சதவீதம் கூடியிருந்தது. ஓர் இடத்தில் வளத்தைக் குறைக்கிறோம், இன்னோர் இடத்தில் கூட்டுகிறோம். மண் பரிசோதனை இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள்.

---

புதியவன்:

படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. நிலம் தனியாருடையது என்றால் இதற்கெல்லாம் யார் பணம் தருவார்கள்? மாடு வைத்திருந்தாலாவது வருமானம் உண்டே.

---

மேய்ப்பன்:

நல்ல கேள்வி. கோஸ்டாரிகாவில் 1996 வனச்சட்டத்தின்படி, காட்டை வைத்திருக்கும், மீட்கும் நில உரிமையாளருக்கு அரசே பணம் தருகிறது. எரிபொருள் வரியின் ஒரு பங்கு இதற்குப் போகிறது. நீர், கரிமம், உயிரினங்கள், அழகு என்று காடு தரும் சேவைக்கான கூலி அது. மாட்டிறைச்சி லாபமும் அந்தக் காலத்தில் விழுந்திருந்ததால் பலர் ஒத்துக்கொண்டார்கள். மேய்ச்சலைவிட நஷ்டம் என்றால் எந்தக் குடும்பமும் பல ஆண்டுக்குத் தாங்காது. மீட்பு வேலையிலேயே சம்பளம் தரலாம். தீக்காவல், நாற்றங்கால், வேலி, கணக்கெடுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவை, நிலம் தெரிந்த ஆள் மேய்ப்பவர்தான்.

---

புல்வெளிக்காரி:

எவ்வளவு காடு, எவ்வளவு திறந்தவெளி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நியூசிலாந்தின் திரித்திரி மாதங்கி 220 ஹெக்டேர் தீவு. மேய்ச்சலுக்காக அநேகமாக முழுவதும் மொட்டையாக்கப்பட்டது. மேய்ச்சல் நின்ற பிறகும் காடு தானாக வர மறுத்ததால், 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் கன்று நட்டார்கள். ஆனால் தீவின் 60 சதவீதத்தில் மட்டும்தான். மீதியை வேண்டுமென்றே திறந்தவெளியாக விட்டார்கள். அழிந்துவிட்டதாக ஒரு காலத்தில் நினைத்த தகஹே என்ற பறக்காத பறவையை அங்கே கொண்டுவந்தார்கள். அது புல் தின்னும் பறவை!

காட்டுப் பகுதியில் ஹிஹி என்ற பொந்துப் பறவையை 1995இல் விட்டபோது பொந்து இருக்கும் வயதில் போதிய மரங்கள் இல்லை. இன்றுவரை கூடுகட்டும் பெட்டியும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துத்தான் காக்கிறார்கள். இதற்கெல்லாம் முன்னால், 1993இலேயே தீவில் எலியை ஒழித்தாகிவிட்டது. எலி இருந்திருந்தால் முட்டையும் குஞ்சும் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

---

புதியவன்:

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கையில் பணமும் ஆளும் குறைவு. நிலத்தின் எந்த இடத்தில் முதலில் கை வைப்பது?

---

தும்பிவனம்:

நிலம் காடாக இருந்ததுதான் என்று உறுதியானால், மிச்சமிருக்கும் காட்டுத் துண்டின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். விதையும் பறவையும் அங்கேதான் இருக்கின்றன, வெறும் வேலியும் தீத்தடுப்பும் போட்டாலே அந்த ஓரம் முன்னேறும். அடுத்து ஓடைக்கரை. ஈரம் இருப்பதால் கன்று பிழைக்கும், விலங்குகள் நடமாடும் வழியும் அதுதான். மூன்றாவது, தனியாக நிற்கும் முதிய மரங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் வேலி போட்டு, உள்ளே புதர் வகைகளை நடுங்கள். பறவை ஏற்கெனவே அந்தக் கிளையில்தான் உட்காருகிறது, விதை அங்கே விழுந்துகொண்டுதான் இருக்கிறது, மாடு மிதித்துத்தான் எழும்பாமல் இருக்கிறது.

நடுவெளியைக் கடைசிக்கு வையுங்கள். முதல் கன்றுக்கு முன்னால் ஓர் ஆண்டு முழுக்க, எல்லாப் பருவத்திலும், அங்கே இப்போது என்னென்ன உயிர் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒப்பிட அந்தக் குறிப்பு வேண்டும். அதோடு, அந்த நடுவெளியை நம்பி ஏதாவது ஒரு பறவை முட்டையிடுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். இட்டால், அந்தப் பகுதியை நடவு வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.